வால் பார்க்கும் கோமளம் மாமி

கோமளம் மாமியோடு வாதம் செய்து ஜெயித்தவர்கள் கச்சேரி ரோட்டில் யாரும் கிடையாது. நானும் முயன்று பார்த்தவள்தான். கம்ப்யூட்டர் படித்தவள், ஒரு கம்பெனியில் அதையே வேலையாகச் செய்து சம்பளம் வாங்குகிறவள், அப்படிப்பட்ட நான் கம்ப்யூட்டர் விஷயத்திலேயே மாமியிடம் தோற்றுப் போவேன். தோற்பது கூடப் பரவாயில்லை. தோற்ற கையோடு மாமி ஒரு டம்ளர் காபி கொடுப்பாள் பாருங்கள், அதுதான் எரிச்சல். கோபத்தில் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது, ஏனென்றால் காபி அவ்வளவு நன்றாக இருக்கும்.

மாமியின் வீட்டு மாடிப் போர்ஷனில் நானும் அம்மாவும் குடியிருந்தோம். கீழே, தெருவைப் பார்த்த முன்னறையில் மாமி எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தாள். மாமா ஏ.ஜி. ஆபீஸில் வேலை பார்த்தார். அவர் பேச வேண்டியதையும் சேர்த்து மாமியே பேசிவிடுவதால் அவருக்கு வீட்டில் நிம்மதியாகப் பேப்பர் படிக்க நேரம் கிடைத்தது.

பூத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து மாமிக்கு ஒரு வித்தை கைவந்திருந்தது. யாராவது நம்பர் எழுதிய சீட்டை நீட்டினால், முதல் மூன்று எண்களைப் பார்த்தே அது மயிலாப்பூரா, தி.நகரா, அடையாறா என்று சொல்லிவிடுவாள். அதோடு விட்டால் பரவாயில்லை. “அடையாறு நம்பரா? அவா நிதானமாப் பேசுவா. நீ போய்ட்டு அப்பறமா வா” என்று வரிசையில் அடுத்து நிற்பவரைத் திருப்பி அனுப்புவாள். தி.நகர் நம்பர் என்றால், “கடைக்காராளாத்தான் இருக்கும், சட்டுனு வெச்சுடுவா, இரு” என்பாள். பெரும்பாலும் அப்படியேதான் நடக்கும். அதனால் மாமிக்குத் தன்மேல் இருந்த நம்பிக்கை நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்துகொண்டே போனது.

தொண்ணூற்றெட்டில் எல்லா பூத்காரர்களும் செய்ததை மாமியும் செய்தாள். ஜெராக்ஸ் மெஷினைச் சுவரோரம் தள்ளிவிட்டு இரண்டு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு, போர்டில் ‘இன்டர்நெட்’ என்று ஒரு வரி சேர்த்து எழுத வைத்தாள். மோடம் கீச்சுக் கீச்சென்று கத்தி லைன் கிடைப்பதற்குள் வந்தவர்களின் குலம் கோத்திரம் முழுவதையும் விசாரித்து முடித்துவிடுவாள். லைன் கிடைத்த பிறகு அவர்களோடு சேர்ந்து திரையைப் பார்ப்பாள். அவர்கள் பக்கத்தைப் படிப்பார்கள். மாமி மேலே இருக்கும் முகவரியின் கடைசி எழுத்துகளைப் படிப்பாள்.

“ஃபோன் நம்பருக்குத் தலையப் பாக்கணும், இதுக்கு வாலப் பாக்கணும். அவ்வளவுதாண்டி விஷயம்” என்று என்னிடம் ஒருநாள் சொன்னாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

மாமியின் சாத்திரம் இது. டாட் காம் என்றால் கடை. மோர்க்காரி தன் மோரைப் புளிப்பு என்று சொல்வாளா? ஆகையால் டாட் காமில் போட்டிருப்பதில் பாதியைத்தான் நம்ப வேண்டும். டாட் இ.டி.யு. என்றால் காலேஜ், அதாவது வாத்தியார். வாத்தியார் அடிப்பார், ஆனால் பொய் சொல்ல மாட்டார். டாட் கவ் என்றால் சர்க்கார். சர்க்காரும் பொய் சொல்லாது, தாமதமாகச் சொல்லும். டாட் நெட் என்றால் என்னவென்று மாமிக்கே பிடிபடவில்லை. அதனால் அந்தப் பக்கமே போகக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே டாட் ஆர்க். அது தர்ம ஸ்தாபனம். ட்ரஸ்ட், மடம், இலவச ஆஸ்பத்திரி இதெல்லாம் அதில் அடக்கம். கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.

இந்தச் சாத்திரத்துக்கு ஊரில் நல்ல மரியாதை. அமெரிக்க மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் ஜாதகத்தை ஜோசியரிடமும் ஈமெயில் முகவரியை மாமியிடமும் கொண்டுபோவார்கள். வால் இ.டி.யு. என்றால், “படிச்சிண்டிருக்கான், இன்னும் வேலை இல்லை” என்பாள். கம்பெனி பெயரும் காமும் இருந்தால், “வேலைல இருக்கான், மேலே விசாரியுங்கோ” என்பாள். இலவசமாகக் கிடைக்கும் மெயில் என்றால் உதட்டைப் பிதுக்குவாள். “வாடகை வீட்டுக்காரன். எப்ப வேணா காலி பண்ணிண்டு போயிடுவான்.” வாடகை வீட்டில் இருக்கும் என்னை வைத்துக்கொண்டே இதைச் சொல்வாள்.

நான் எத்தனையோ தடவை சொன்னேன். “மாமி, டாட் ஆர்க்கை யார் வேணா வாங்கலாம். அதுக்கும் தர்மத்துக்கும் சம்பந்தம் இல்ல.”

“யார் வேணா வாங்கலாம்னா அதுக்கு எதுக்குடீ தனியா ஒரு பேர்? பஸ்ல மகளிர்னு எழுதியிருக்கா. ஆம்பளை உக்காருவானா?”

“உக்காருறாங்களே மாமி!”

“உக்காந்தா எழுப்புவா.”

“இங்க எழுப்பறதுக்கு ஆள் கிடையாது.”

“கண்டக்டர் இல்லாம எங்கயாவது பஸ் ஓடுமா? அசடு. இந்தா, காபியைக் குடி.”

அன்றைக்கு அந்தக் காபியைக் குடித்துக்கொண்டேதான் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அமெரிக்காவிலிருந்த என் அண்ணனுக்கு மெயில் எழுதினேன். மாமியின் பெயரில் ஒரு டாட் ஆர்க் வாங்கச் சொன்னேன். பாதி குறும்பு, பாதி பிரியம். எது எவ்வளவு என்று இப்போது கேட்டாலும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

நான் இந்த வேலையில் இருந்த அதே வாரத்தில் மாமியின் பூத்தில் வேறொன்று நடந்தது. அப்போது நான் ஆபீஸில் இருந்தேன். பின்னால் சம்பந்தப்பட்டவர்கள் சொல்லித்தான் தெரியும்.

லூர்துமேரி சாந்தோம் கடற்கரைக் குப்பத்தைச் சேர்ந்தவள், காலையில் மீன் விற்பாள். புருஷன் செபஸ்தியான் பஹ்ரைனில் படகு வேலைக்குப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்ததும் அவரோடு பேச மாமியின் பூத்துக்கு வருவாள். மாமிக்கு மீன் வாடை ஆகாது, லூர்துமேரிக்குப் பெருங்காய வாடை ஆகாது. இதை இருவரும் முகத்துக்கு நேரே சொல்லிக்கொள்வார்கள். சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். புருஷனோடு பேசியதைவிட மாமியோடு பேசியதுதான் அதிகமாக இருக்கும்.

அவள் மகள் ஆஷா நர்ஸ் படிப்பு முடித்து மந்தைவெளியில் ஒரு நர்சிங் ஹோமில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். தேனாம்பேட்டையில் ஒரு ஏஜென்சி, இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு நர்ஸ்கள் எடுப்பதாகப் பேப்பரில் விளம்பரம் கொடுத்திருந்தது. ஆஷாவைப் பார்த்துப் பேசி, தேர்வாகிவிட்டாய் என்றும் சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை வந்து படிப்புச் சான்றிதழ், நர்சிங் கவுன்சில் பதிவுச் சான்றிதழ், பாஸ்போர்ட் எல்லாவற்றையும் ஒரிஜினலாகவே ஒப்படைக்க வேண்டும். இங்கே பார்க்கும் வேலையையும் விட்டுவிட வேண்டும். ஆஷாவுக்கு ஒரே ஆசை, கொஞ்சம் பயம். ஆஸ்பத்திரியின் வெப்சைட் முகவரியை எழுதிக்கொண்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு மாமியிடம் வந்தாள்.

பக்கம் மெல்ல மெல்லத் திறந்தது. நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கன்னியாஸ்திரீ நிற்கும் படம். மாமி படத்தைப் பார்க்கவில்லை, வாலைப் பார்த்தாள். டாட் ஆர்க்.

“தர்மாஸ்பத்திரி. கண்ணை மூடிண்டு போடீ, கொழந்தே” என்றாள் மாமி. ஆஷா மாமியின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினாளாம். லூர்துமேரி அன்று பஹ்ரைனுக்கு ஃபோன் போட்டு அழுதுகொண்டே சிரித்தாளாம்.

சனிக்கிழமை காலை நான் கீழே இறங்கி வந்தேன். அண்ணனிடமிருந்து முந்தின நாள்தான் மெயில் வந்திருந்தது.

“மாமி, உங்களுக்கு ஒண்ணு கொண்டாந்திருக்கேன்” என்று சொல்லிக் கம்ப்யூட்டரில் முகவரியை அடித்தேன். கோமளம் டாட் ஆர்க். பெரிய எழுத்தில் மாமியின் பெயர், கீழே நான் வரைந்த ஒரு கோலம், வேறொன்றுமில்லை. மாமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “ஏன்னா, இங்க வாங்கோ, என் பேர் வந்திருக்கு!” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மேலே இருந்த முகவரியைப் படித்தாள். வால் வரைக்கும் படித்தாள். சிரிப்பு நின்றது.

“இதை யாருடி குடுத்தா?”

“கேட்டோம், குடுத்தாங்க.”

“உங்கிட்ட என்ன கேட்டா?”

“பேரு, விலாசம், அண்ணனோட கார்டு நம்பர். அவ்வளவுதான்.”

“ட்ரஸ்ட் இருக்கா, ரிஜிஸ்தர் ஆகியிருக்கான்னு கேக்கலையா?”

“இல்ல மாமி.”

“நேர்ல யாராவது வந்து பாத்தாளா?”

“அமெரிக்காவிலேர்ந்து கச்சேரி ரோட்டுக்கு யாரு மாமி வருவாங்க?”

வாழ்க்கையில் முதன்முறையாக மாமியை ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே குஷி. இந்தத் தடவை காபி வந்தால் அது தோல்விக் காபி இல்லை என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். மாமி நாற்காலியில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்துவிட்டது.

“நீரஜா, உன் வண்டில பெட்ரோல் இருக்கா?”

பூத்துக்குள் பேசிக்கொண்டிருந்தவரிடம், “பேசி முடிச்சுட்டு மாமாகிட்ட சொல்லிட்டுப் போங்கோ” என்று கத்திவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு மாமி தெருவில் இறங்கிவிட்டாள். அதுவரை ஸ்கூட்டியில் ஏற மாட்டேன் என்று சாதித்தவள், பின்சீட்டில் பக்கவாட்டில் உட்கார்ந்து என் தோளை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். லஸ் சர்ச் ரோட்டில் போகும்போது விஷயத்தைச் சொன்னாள். எனக்கு வந்த கோபத்தில் வண்டியை அங்கேயே நிறுத்திச் சண்டை போட்டிருப்பேன். ஆனால் மாமியின் குரல் நடுங்கியது. அந்தக் குரல் நடுங்கி நான் கேட்டதே இல்லை. ஆக்ஸிலரேட்டரை முறுக்கினேன்.

எல்டாம்ஸ் ரோட்டில் ஒரு கார்ப்பரேஷன் லாரி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. “ஒரிஜினல் போயிடுத்துன்னா அந்தப் பொண்ணு எங்கயும் நர்ஸா நிக்க முடியாதுடி” என்று மாமி பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்குத் தெரியாதா என்ன? இருந்தும் ஒவ்வொரு தடவையும் “தெரியும் மாமி, போயிடலாம் மாமி” என்று பதில் சொன்னேன்.

ஏஜென்சி தேனாம்பேட்டை மவுண்ட் ரோட்டில் ஒரு மாடியில் இருந்தது. அறை நிறைய இளம் பெண்கள், ஒவ்வொருத்தி மடியிலும் ஒரு ஃபைல். டை கட்டிய ஒருவர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து ஃபைல்களை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தார். ஆஷா மேஜைக்கு முன்னால் நின்றாள். ஃபைல் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. பக்கத்தில் லூர்துமேரி, ஈஸ்டருக்குக் கட்டும் பட்டுப்புடவையில்.

“ஆஷா, குடுக்காதே!” மாமிக்கு மூச்சு வாங்கியது. மாடி ஏறி வந்த வேகம் அப்படி.

அறையே திரும்பிப் பார்த்தது. டை கட்டியவர், “யாரும்மா நீங்க?” என்றார்.

“நான்தான் இவாளுக்கு இது நல்ல இடம்னு சொன்னவ.”

“சரியாத்தான சொல்லியிருக்கீங்க, மேடம். அப்புறம் என்ன?”

“தப்பாச் சொல்லிட்டேன்.” மாமி இதை மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த அறையில் வேறு சத்தமே இல்லை.

ஆஷாவின் முகம் சிவந்துவிட்டது. “ஆன்ட்டி, நீங்கதான கண்ணை மூடிட்டுப் போன்னு சொன்னீங்க? தர்மாஸ்பத்திரின்னு சொன்னீங்க? இப்ப இவரு திருடன்னு சொல்றீங்களா?”

“இவர் திருடன்னு நான் சொல்லலைடி. எனக்குத் தெரியாது. நல்லவரா இருந்தாலும் இருக்கலாம். நல்லவர்னு சொல்றதுக்கு எங்கிட்ட காரணம் இல்லை, அவ்வளவுதான். அன்னிக்கு இருந்த காரணம் இன்னிக்குக் காலம்பற செத்துப் போச்சு. அந்த டாட் ஆர்க் இருக்கே, அதை எனக்கே குடுத்துட்டாடி. நான் என்ன ஆஸ்பத்திரியா நடத்தறேன்?”

யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டாள். டை கட்டியவரும் சிரித்தார். மயிலாப்பூரில் யாரும் பார்த்துச் சிரித்திராத கோமளம் மாமி அத்தனை பேர் சிரிப்புக்கும் நடுவில் வியர்த்து விறுவிறுத்து நின்றாள். எனக்கு அந்த இடத்திலேயே அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

நான்தான் குறுக்கே புகுந்தேன். “இப்ப நகல் வாங்கிக்குங்க. அந்த ஆஸ்பத்திரிக்கு நாங்களே ஃபோன் பண்ணிப் பேசிட்டு ஒரிஜினல் தரோம்” என்றேன். அவர் சிரிப்பதை நிறுத்தினார். ஆஸ்பத்திரி உங்களோடெல்லாம் பேசாது, நகல் செல்லாது, இன்றோடு கடைசி, வேண்டுமென்றால் கொடுங்கள், இல்லையென்றால் வழியை விடுங்கள் என்றார். ஆஷா ஃபைலை இறுக்கிக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

லூர்துமேரி மாமியை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு மகளின் முழங்கையைப் பிடித்தாள். “வா போலாம்.”

“அம்மா!”

“வான்றேன்ல.”

ஆஷாவோடு படித்த பெண் ஒருத்தியும் எழுந்து எங்களோடு வந்தாள். ஆஷா சொல்லித்தான் அவள் அங்கே வந்திருந்தாள். மற்றவர்கள் எழவில்லை. படியில் இறங்கும்போது ஆஷா அழுதாள். கீழே வந்ததும் மாமி அவள் தலையைத் தடவப் போனாள். ஆஷா தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு லூர்துமேரி பூத்துக்கு வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை, அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. கோயில் மணி கேட்டதிலிருந்து மாமி வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வால் பார்த்துச் சொல்லச் சொல்லி வந்தவர்களிடம், “எனக்கு ஒண்ணும் தெரியாது, போங்கோ” என்று எரிந்து விழுந்தாள். ஒரு மாப்பிள்ளை வீட்டு விவகாரம் தீர்ப்புக் கிடைக்காமல் அந்தரத்தில் நின்றது.

அந்த நாட்களில் மாமியைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. பழைய மாமியாக என்னைத் திட்டினால் தேவலை என்று நானே வலியப் போய் வம்புக்கு இழுத்துப் பார்த்தேன். “அவன் நிஜமாவே நல்லவனா இருந்தான்னா?” என்று மாமி கேட்டாள். “போன்னு சொல்லியும் கெடுக்கப் பாத்தேன், போகாதேன்னு சொல்லியும் கெடுத்துட்டேனா? இத்தனை வருஷமா எத்தனை பேருக்கு என்னென்ன சொல்லியிருக்கேனோ!” அன்று காபி போட்டுக் கொடுத்தது நான். மாமி அதைக் குடித்துவிட்டு, நன்றாக இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. அதில் எனக்கு இன்னும் பயம் வந்துவிட்டது.

ஒருநாள் மத்தியானம் லூர்துமேரி வேகமாக உள்ளே வந்தாள். பின்னாலேயே ஆஷா. நான் அன்று ஆபீஸுக்கு லீவு போட்டிருந்தேன்.

“மாமி, தேனாம்பேட்டைல பூட்டு தொங்குது. போர்டையே காணோம். அந்தாளு எஸ்கேப்பு. ஒரிஜினல் குட்த்த பொண்ணுங்கல்லாம் போலீஸ் டேசன் வாசல்ல நின்னு அயுதுகினு கீதுங்க.”

மாமி எழுந்து நின்றாள். ஜெயித்த முகம் இல்லை அது. “ஐயையோ, அத்தனை பேருமா? அந்தக் கொழந்தைகள் என்ன பண்ணும்?” என்றுதான் முதலில் கேட்டாள். கவுன்சிலில் சொல்லிச் சான்றிதழுக்கு நகல் வாங்க முடியுமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள், பல மாதம் ஆகுமாம் என்று ஆஷா சொன்னாள். சொல்லிவிட்டு, “என்னோடது வீட்ல பெட்டில பத்திரமா இருக்கு, ஆன்ட்டி” என்றாள். மாமியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். மாமி இந்தத் தடவை அவள் தலையைத் தடவினாள்.

“என்னை எதுக்குடி வந்து பாக்கறேள்?” என்றாள் மாமி. “நான்தானே உன்னை அங்க அனுப்பினேன்? டாட் ஆர்க்கு, டாட் ஆர்க்குன்னு பெருசா சொல்லி...”

“ஆர்க்காவது கீர்க்காவது!” லூர்துமேரி கையை வீசினாள். “அதெல்லாம் எனுக்கு இன்னா தெரியும்? அந்தப் பொட்டில இன்னா எய்தியிருந்துச்சின்னு நான் பாக்கவே இல்ல. உன் மூஞ்சியத்தான் பாத்துகினு இருந்தேன். நீ நல்லதுன்ன, நம்புனேன். அப்பால ஓடியாந்து, அத்தினி பேரு எதிர்ல தப்புன்ன, அத்தயும் நம்புனேன். இவ அயுதா, நான் அயுவல. எனுக்கு நீ சொன்னா சரி, மாமி.”

கோமளம் மாமி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

“நான் சொன்னா சரிங்கறயே, அதாண்டி லூர்து, எனக்கு இப்ப பயமா இருக்கு” என்றாள்.